எதிர்ச்சீரத்துக்குப் படியாத கிருமி

புழல் ஏரியின் நீர் இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று, சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து குழாய்கள் மூலமாகச் சென்னை நகரத்தின் வீடுகளுக்குச் செல்வது. மற்றொன்று, வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து மதகுகள் திறக்கப்படும்போது, நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம் ஆகிய ஊர்களின் ஓரமாக ஓடும் உபரிநீர்க் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றோடு கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்வது. இந்தக் குறுகிய தொலைவுக்குள் ஏரியின் நன்னீரும், குடியிருப்புகளின் சாக்கடை கலந்த நீரும், மணலித் தொழிற்பகுதியின் கழிவு சேர்ந்த நீரும், ஓதத்தோடு ஏறி இறங்கும் உப்பங்கழி நீரும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், நீரில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்பவர்களுக்கு வடசென்னை ஓர் அரிய களமாகும்.

அந்தக் களத்தில் எழும் கேள்வி கேட்பதற்கு எளிது, விடை காண்பதற்குக் கடினம். ஒரு நீர் மாதிரியில் காணப்படும் பாக்டீரியா ஏற்கெனவே பெயரிடப்பட்டதா, இதுவரை எவரும் அறியாததா? அறியாதது என்றால், அது மனிதருக்கு நோய் தருமா, தராதா? ஏரி நீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் வரை வாழக்கூடும். அவற்றில் மிகப் பெரும்பான்மை ஆய்வகத் தட்டுகளில் வளர்வதே இல்லை. வளர்பவற்றிலும் நோய் உண்டாக்குபவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றைப் பிரித்தறியும் ஆய்வில் சென்னைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட மரபு உண்டு என்பதும், உலக மருத்துவத் துறையைத் திகைக்க வைத்த ஒரு புதிய காலராக் கிருமி 1992ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது இந்த நகரத்தில்தான் என்பதும் சென்னையில் வாழ்பவர்களுக்கே பெரும்பாலும் தெரியாத செய்திகள்.

புழல் ஏரியிலிருந்து நகரத்துக்கு நீர் கொண்டுவரும் திட்டம் 1872ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியபோது, நீர் திறந்த மண் கால்வாயில் ஓடி வந்து, கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டப்படாமலேயே குழாய்களுக்குள் சென்றது. சென்னை மாநகராட்சியின் தனிப் பொறியாளரான ஜே. டபிள்யூ. மேட்லி வகுத்த திட்டப்படி மூடிய கால்வாயும் கீழ்ப்பாக்கத்து மணல் வடிகட்டிகளும் 1914ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தன. இடைப்பட்ட நாற்பதாண்டுக் காலத்தில்தான் நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்ற கருத்து அறிவியலில் நிலைபெற்றது. 1899ஆம் ஆண்டில் கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அம்மை குத்துவதற்கான பாலைத் தயாரிப்பதோடு, மாகாணமெங்கிலும் இருந்து வரும் குடிநீர் மாதிரிகளைச் சோதிப்பதும் அந்நிறுவனத்தின் பணியாயிற்று. அங்குப் பணியாற்றிய டபிள்யூ. டபிள்யூ. கிளமேஷா, வெப்பமண்டல நாடுகளின் மேற்பரப்பு நீரில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஐரோப்பாவின் குளிர் நாடுகளுக்காக வகுக்கப்பட்ட நீர்ச் சோதனை அளவுகோல்களை அப்படியே இங்குப் பொருத்தக் கூடாது என்று வாதிட்டார். மலத்தோடு நீரில் சேரும் பாக்டீரியாக்களுள் சில வகைகள் வெயிலில் விரைவில் மடிகின்றன, சில வகைகள் நாள்கணக்கில் தாங்கி நிற்கின்றன; ஆகவே நீரில் எந்த வகை எஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், மாசு அண்மையில் கலந்ததா, வெகுநாளைக்கு முன் கலந்ததா என்று கூற முடியும் என்பது அவருடைய கருத்து. ஏரி என்பது நீரைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமல்ல, வெயிலும் காலமும் சேர்ந்து நீரைத் தூய்மையாக்கும் இடமும் ஆகும் என்ற புரிதல் இத்தகைய ஆய்வுகளிலிருந்து வலுப்பெற்றது.

மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களை எண்ணிப் பார்த்து நீரின் தூய்மையை மதிப்பிடும் முறை இன்றும் நீடிக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, 100 மில்லிலிட்டர் நீரில் ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. இந்த முறை நல்லதுதான், ஆனால் அதற்கு ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. மனிதக் குடலிலிருந்து நீருக்கு வந்த கிருமியைத்தான் அது சுட்டிக்காட்டும். நீரையே பிறப்பிடமாகக் கொண்ட கிருமியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே அத்தகைய கிருமி. ராபர்ட் காக் 1883ஆம் ஆண்டின் இறுதியில் எகிப்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, நோயாளிகளின் குடலிலும், நோய் பரவிய ஒரு குளத்தின் நீரிலும் காற்புள்ளி போல் வளைந்த அந்தக் கிருமியை இனங்கண்டார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், அது நோயாளியின் உடலிலிருந்து நீருக்குப் போய்ச் சிறிது காலமே அங்குத் தங்கும் கிருமி என்றே மருத்துவ உலகம் நம்பியது. உண்மையில் ஆறும் கடலும் சேரும் உப்பங்கழிகளே அதன் சொந்த வீடு.

நீரிலிருந்து எடுக்கப்படும் காற்புள்ளி வடிவக் கிருமிகள் அனைத்தும் காலராவை உண்டாக்குவதில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆபத்தானதை ஆபத்தற்றதிலிருந்து பிரிப்பதற்கு ஆய்வாளர்கள் கைக்கொண்ட முறை திரளல் சோதனை எனப்படும். ஒரு கிருமியை முயலுக்குள் செலுத்தினால், அதன் உடல் அந்தக் கிருமியின் புறப்பரப்பை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அந்த முயலின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரே எதிர்ச்சீரம். கண்ணாடிச் சில்லின் மீது எதிர்ச்சீரம் ஒரு துளியும் கிருமிக் கலவை ஒரு துளியும் விட்டுக் கலக்கும்போது, கிருமி அதே வகையைச் சேர்ந்ததாக இருந்தால் பால் திரிவதுபோல் துகள்துகளாகத் திரள்கிறது. வேறு வகையாக இருந்தால் கலவை கலங்கலாகவே நிற்கிறது. மின்சாரமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படாத இந்தச் சோதனையை மாவட்ட மருத்துவமனையிலும் செய்ய முடியும் என்பதால், காலராவுக்கு எதிரான போராட்டத்தில் அதுவே பல பத்தாண்டுகள் முதன்மையான கருவியாக இருந்தது.

இந்தச் சோதனைக்கு ஒழுங்கான இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர் தமிழர். பின்னாளில் பெனிசிலின் ஆய்வுக் குழுவில் இடம்பெற்ற ஆக்ஸ்போர்டின் ஏ. டி. கார்ட்னரும் கே. வி. வெங்கட்ராமனும் சேர்ந்து 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை, காலராக் கிருமியையும் அதன் உறவினங்களையும் அவற்றின் புறப்பரப்பிலுள்ள வேதிப்பொருள்களை வைத்துப் பகுத்தது. இக்கிருமிகள் அனைத்துக்கும் நீந்த உதவும் வாலிழை பொதுவானது. ஆனால் உடற்சுவரின் வெளிப்புறத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வகைக்கு வகை மாறுகின்றன. அச்சங்கிலிகளுக்கு ஓ என்னும் எழுத்துக் குறியீடு உண்டு. கொள்ளைநோயாகப் பரவும் காலராவை உண்டாக்கியவை அனைத்தும் முதல் பிரிவில், அதாவது ஓ1 பிரிவில் அடங்கின. மற்றவை ஓ2, ஓ3 என்று வரிசையாக எண்ணிடப்பட்டன. ஓ1 எதிர்ச்சீரத்தில் திரளாத இந்தப் பிற வகைகளுக்குத் திரளா விப்ரியோக்கள் என்ற பொதுப்பெயர் வழங்கியது. அவை இங்குமங்கும் சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கினாலும், ஊரையே வளைக்கும் கொள்ளைநோயாக மாறமாட்டா என்று பாடநூல்கள் கற்பித்தன. அந்த ஆய்வுரையில் ஒரு திரளா விப்ரியோவைக் குறிக்க ‘பாராகாலரே’ என்ற பெயர் முறைசாராத வகையில் ஆளப்பட்டிருந்தது.

வெங்கட்ராமன் கிண்டி கிங் நிறுவனத்தில் ஆற்றிய பணி மேலும் குறிப்பிடத்தக்கது. தொலைவிலுள்ள கிராமத்தில் எடுக்கும் நோயாளியின் மல மாதிரி, மாட்டுவண்டியிலும் ரயிலிலும் பயணம் செய்து கிண்டியை அடைவதற்குள் அதிலுள்ள காலராக் கிருமி மடிந்து, பிற குடல் பாக்டீரியாக்கள் பெருகிவிடுவது அக்காலத்தின் பெரும் இடையூறாக இருந்தது. வெங்கட்ராமனும் சி. எஸ். ராமகிருஷ்ணனும் 1941ஆம் ஆண்டில் இதற்கொரு தீர்வை வெளியிட்டனர்: 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் சாதாரணக் கடலுப்பும் 5 கிராம் பெப்டோன் என்னும் புரதச் சத்தும் கரைத்து, கலவையைச் சற்றே காரத்தன்மை உடையதாக்கினால், காலராக் கிருமி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், பிற பாக்டீரியாக்கள் தலையெடுக்க மாட்டா. உப்பங்கழியின் தன்மையைப் புட்டிக்குள் அமைத்துக் கொடுத்த கலவை இது என்றே கூறலாம். வெங்கட்ராமன்–ராமகிருஷ்ணன் கரைசல் என்ற பெயரோடு அது இன்றும் நுண்ணுயிரியல் கையேடுகளில் இடம்பெறுகிறது. அச்சிடப்பட்ட அந்தப் பெயருக்குப் பின்னால் கிண்டி ஆய்வகம் ஒன்று இருப்பதை மருத்துவ மாணவர்களுக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

அதே 1941ஆம் ஆண்டில் இவ்விருவரும் ஏ. கே. கிருஷ்ணசாமியோடு இணைந்து மற்றோர் ஆய்வுரையையும் வெளியிட்டனர். காலரா நோய் இல்லாத காலத்திலும் இயற்கை நீர்நிலைகளில் எல் டோர் விப்ரியோ இருக்கிறது என்பதே அதன் பொருள். எல் டோர் என்பது சினாய் தீபகற்பத்தில் மெக்கா பயணிகளைத் தடுத்து வைத்துச் சோதித்த நிலையம். 1905ஆம் ஆண்டில் அங்கு முதலில் கண்டறியப்பட்ட அந்தக் கிருமி வகை, ஓ1 எதிர்ச்சீரத்தில் திரண்டாலும் உண்மையான காலராக் கிருமி அன்று என்று பலரும் கருதினர். நோய் இருக்கும் இடத்தில் கிருமியைத் தேடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், நோய் இல்லாத இடத்தின் நீரையும் முறையாகச் சோதித்தது அந்த ஆய்வின் சிறப்பு. அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. இருபதாண்டுகள் கழித்து, 1961ஆம் ஆண்டில், இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து எல் டோர் வகைக் காலரா புறப்பட்டது. உண்மையான காலராவாக அதை உலகச் சுகாதாரப் பேரவை 1962ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 1964ஆம் ஆண்டில் இந்தியாவுக்குள் வந்த அது, பழைய வகையை ஏறத்தாழ முற்றாக அகற்றிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தது. ஏழாவது உலகக் கொள்ளைநோய் எனப்படும் அந்த அலை இன்னும் ஓயவில்லை. 1941ஆம் ஆண்டின் நீர்நிலைக் கிருமிகள்தாம் அதன் முன்னோர் என்று கொள்வது தவறு. நீரில் காணப்படும் எல் டோர் வகைகள் பலவற்றுக்கு நோய் உண்டாக்கும் நச்சு கிடையாது. ஆயினும் நீரில் இருப்பது எது, நோயாளியின் உடலில் இருப்பது எது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழியை அந்த ஆய்வு திறந்து வைத்தது.

1992ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் காலராவைப் போன்ற கடும் வயிற்றுப்போக்கு பரவியது. நோயின் குணங்கள் அனைத்தும் பொருந்தின: அரிசி கழுவிய நீரைப் போல் வெளியேறும் பேதி, சில மணி நேரத்தில் உடல் வற்றிப்போதல், குழிவிழும் கண்கள். காற்புள்ளி வடிவக் கிருமி கிடைத்தது. அது விப்ரியோ காலரே என்பதும் உறுதியாயிற்று. ஆயினும் ஓ1 எதிர்ச்சீரத்தில் அது திரளவில்லை. பாடநூலின்படி அது திரளா விப்ரியோ, அதாவது கொள்ளைநோயாகப் பரவ இயலாத வகை. ஆனால் அது பரவிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து மதுரையிலும் வேலூரிலும் இதே நிலை காணப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், அதுவரை பெரும்பான்மையாக இருந்த எல் டோர் குறைந்து திரளா வகை மேலெழுந்துவிட்டதை 1993ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். கல்கத்தாவில் நோய் பரவியபோது அங்குள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனத்தின் டி. ராமமூர்த்தி, ஜி. பாலகிருஷ் நாயர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இக்கிருமிகளைத் திரட்டி ஆராய்ந்தனர். 1993ஆம் ஆண்டின் முதல் சில மாதங்களுக்குள் வங்கதேசத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர்.

ஜப்பானில் தோஷியோ ஷிமாடா குழுவினர் அப்போது அறியப்பட்டிருந்த 138 ஓ பிரிவுகளுக்கான எதிர்ச்சீரங்களோடும் இந்தக் கிருமியை ஒப்பிட்டனர். ஒன்றிலும் அது திரளவில்லை. எனவே அதற்கு ஓ139 என்ற எண்ணும், அது பரவிய வங்கக் கடலோரத்தின் நினைவாக ‘பெங்கால்’ என்ற துணைப்பெயரும் அளிக்கப்பட்டன. கண்டிப்பாகப் பார்த்தால் இது புதிய சிற்றினம் அன்று. விப்ரியோ காலரே என்ற பழைய சிற்றினத்துக்குள் தோன்றிய புதிய பிரிவு. நோயுற்றவர்களுக்கு இந்த வேறுபாட்டால் எந்தப் பயனும் இல்லை. காலரா நிலைத்துவிட்ட ஊர்களில் பெரியவர்கள் சிறுவயது முதலே ஓ1 கிருமியோடு பழகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பார்கள். ஆகவே அங்கு நோய் பெரும்பாலும் குழந்தைகளையே தாக்கும். ஓ139 பரவியபோது பெரியவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர், ஏனெனில் அவர்களுடைய உடலுக்கு அந்தக் கிருமியின் புறத்தோற்றம் முற்றிலும் அந்நியமாக இருந்தது. பழைய தடுப்பூசியும் பயன்படவில்லை. எட்டாவது உலகக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டது என்று அஞ்சியவர்கள் பலர். ஆனால் 1994ஆம் ஆண்டளவில் எல் டோர் மீண்டும் மேலெழுந்தது, 1996ஆம் ஆண்டில் ஓ139 மறுபடியும் தலைகாட்டியது, அதன்பின் படிப்படியாகப் பின்வாங்கியது.

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு, சென்னையில் 1992ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டு எம்ஓ10 என்ற குறியீட்டோடு பாதுகாக்கப்பட்ட வளர்ப்பு பெரிதும் உதவியது. அமெரிக்காவின் ஆய்வகங்களிலும் பிற நாடுகளிலும் ஆயிரக்கணக்கான மைல் கடந்து அது ஆராயப்பட்டது. அதன் மரபுப்பொருள் ஏறத்தாழ முழுவதும் எல் டோர் கிருமியினுடையதே என்றும், ஓ1 சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும் மரபணுத் தொகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, வேறொரு கிருமியிலிருந்து வந்த தொகுதி அந்த இடத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்றும் தெரியவந்தது. எதிர்ச்சீரம் பார்ப்பது புறத்தோற்றத்தை மட்டுமே என்பதால், அது இக்கிருமியை அடையாளம் காணத் தவறியது. எம்ஓ10 கிருமியில் மற்றொன்றும் கிடைத்தது: சல்ஃபா மருந்து, டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்களைத் தாங்கி, ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும் மரபுத் துண்டு. மேத்யூ வால்டார், ஜான் மெக்கலானோஸ் உள்ளிட்டோர் 1996ஆம் ஆண்டில் எஸ்எக்ஸ்டி என்று பெயரிட்ட அந்தத் துண்டின் உறவினங்கள் இன்று உலகெங்கும் பரவியுள்ள காலராக் கிருமிகளில் காணப்படுகின்றன. காலரா நச்சை உண்டாக்கும் மரபணுக்களே பாக்டீரியாவுக்குச் சொந்தமானவை அல்ல, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தவை என்பதையும் வால்டாரும் மெக்கலானோசும் அதே ஆண்டில் நிறுவினர்.

இத்தகைய மாற்றம் நடப்பதற்கு உகந்த இடம் எது என்ற கேள்வி மீண்டும் உப்பங்கழிக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. இறால், நண்டு, மற்றும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் சிறு மிதவையுயிரிகள் ஆகியவற்றின் ஓடு கைட்டின் என்னும் பொருளால் ஆனது. விப்ரியோக்கள் இந்த ஓடுகளின்மேல் ஒட்டிக் குடியேறி அவற்றையே உணவாக்கிக்கொள்கின்றன. கைட்டின்மேல் வாழும்போது விப்ரியோ காலரே, அருகில் இறந்து சிதைந்த பிற பாக்டீரியாக்களின் மரபுப்பொருளை உள்ளிழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் திறன் பெறுகிறது என்று 2005ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மெலனி புளோக்கெஷும் கேரி ஸ்கூல்னிக்கும் 2007ஆம் ஆண்டில் ஒரு படி மேலே சென்று, கைட்டின்மேல் வளர்ந்த ஓ1 கிருமி ஓ139 கிருமியின் மரபுத் தொகுதியை ஏற்று ஓ139 ஆகவே மாறுவதை ஆய்வகத்தில் செய்து காட்டினர். 1992ஆம் ஆண்டில் இந்த மாற்றம் எந்த நீரில், எந்த ஓட்டின்மேல் நிகழ்ந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. ஆனால் சாக்கடையோடு வந்து சேரும் நோயாளியின் கிருமியும், உப்பங்கழியிலேயே வாழும் திரளா விப்ரியோவும், இரண்டும் சந்திப்பதற்கான ஓடுகளும் ஒன்றாகக் கிடைக்கும் எந்த முகத்துவாரமும் இதற்கு இடந்தரும். எண்ணூர் முகத்துவாரமும் அத்தகையதுதான்.

இன்று ஒரு நீர் மாதிரியிலிருந்து புதிய கிருமியை அடையாளம் காண்பது பல கட்டங்களைக் கொண்டது. நீரை மிக நுண்ணிய துளைகள் உடைய சவ்வில் வடிகட்டி, அந்தச் சவ்வைக் காரத்தன்மை மிக்க பெப்டோன் நீரில் இட்டு, விப்ரியோக்கள் மட்டும் முந்திக்கொண்டு பெருகும்படி சில மணி நேரம் வைத்திருப்பார்கள். பிறகு பித்த உப்பும் கரும்புச் சர்க்கரையும் சேர்ந்த டிசிபிஎஸ் என்னும் பச்சை நிறக் கூழ்மத் தட்டில் அதைத் தீற்றினால், சர்க்கரையைப் புளிக்கச் செய்யும் விப்ரியோ காலரே மஞ்சள் திட்டுகளாக வளரும். 1981ஆம் ஆண்டில் தனிச் சிற்றினமாகப் பிரிக்கப்பட்ட விப்ரியோ மிமிகஸ் அந்தச் சர்க்கரையைத் தொடாததால் பச்சையாகவே வளரும்; அதன் பெயருக்கே காலராக் கிருமியைப் போல நடிப்பது என்று பொருள். திட்டுகளிலிருந்து தனித்த வளர்ப்பை எடுத்தபின் வேதிச் சோதனைகளும், நச்சு மரபணு இருக்கிறதா என்று காணும் பிசிஆர் சோதனையும் நடைபெறும். எதனோடும் பொருந்தாத வளர்ப்பு ஒன்று எஞ்சினால், அதன் மரபுப்பொருளைப் படிக்க வேண்டியிருக்கும்.

எல்லாப் பாக்டீரியாக்களிலும் உள்ள 16எஸ் என்னும் மரபணுவே முதல் அளவுகோல். அறியப்பட்ட சிற்றினங்களோடு அதன் ஒற்றுமை ஏறத்தாழ 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினமாக இருக்க வாய்ப்புண்டு. விப்ரியோக்களைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் போதாது, ஏனெனில் நெருங்கிய சிற்றினங்கள் பலவற்றில் அந்த மரபணு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. எனவே முழு மரபுத் தொகுதியையும் வரிசைப்படுத்தி ஒப்பிடுகிறார்கள். சராசரி ஒற்றுமை 95 முதல் 96 விழுக்காட்டுக்குக் குறைவானால் இரண்டும் வேறு வேறு சிற்றினங்கள் என்று கொள்ளப்படுகின்றன. பெயர் முறைப்படி ஏற்கப்பட வேண்டுமானால், உயிருள்ள மாதிரி வளர்ப்பு குறைந்தது இரண்டு நாடுகளிலுள்ள சேமிப்பகங்களில் ஒப்படைக்கப்பட்டு, எவரும் பெற்று ஆராயும்படி இருக்க வேண்டும். இந்தியாவில் சண்டிகரிலும் புனேயிலும் இத்தகைய சேமிப்பகங்கள் உள்ளன. வளர்ப்பை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்துக்கும் கட்டுப்பட வேண்டும். அச்சட்டத்தை நிறைவேற்றும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது.

வளராத கிருமியை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வியும் இருக்கிறது. நீர் குளிர்ந்தாலோ, சத்துக் குறைந்தாலோ, விப்ரியோ காலரே உயிரோடு இருந்துகொண்டே ஆய்வகத் தட்டில் வளர மறுக்கும் நிலைக்குச் சென்றுவிடுகிறது என்று ரீட்டா கோல்வெல் குழுவினர் 1982ஆம் ஆண்டில் காட்டினர். தட்டில் எதுவும் வளரவில்லை என்பதால் நீரில் எதுவும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பது அதன் பொருள். கிருமி மிதவையுயிரிகளின்மேல் ஒட்டி வாழ்வதால், அவற்றை நீக்கினாலே ஆபத்துக் குறையும் என்று கருதிய கோல்வெல், வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் பழைய சேலைத் துணியைக் குறைந்தது நான்கு முறை மடித்து நீரை வடிகட்டச் செய்து, காலரா ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்ததை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமிழ்நாட்டு வீடுகளில் குடத்தின் வாயில் துணி கட்டி நீர் பிடிக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது. ஆனால் துணி வடிகட்டுவது மிதவையுயிரிகளைத்தான், தனித்து நீந்தும் பாக்டீரியாவை அன்று. அதற்குக் கொதிக்க வைத்தலும் குளோரினுமே வழி. இரண்டுக்கும் விப்ரியோ எளிதில் மடியும்.

வெங்கட்ராமன் காலத்துப் பெயர் ஒன்று இத்தனைக்கும் பின்னர் திரும்பி வந்தது. டாக்கா நகரின் நீர்நிலைகளில் வாழும் விப்ரியோக்களை, காலரா இல்லாத அமெரிக்கக் கடலோர ஊரான ஃபால்மவுத்தின் விப்ரியோக்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், டாக்காவில் மிகுதியாகக் காணப்பட்ட ஒரு கூட்டம் விப்ரியோ காலரே அன்று, அதன் உடன்பிறப்பான தனிச் சிற்றினம் என்று 2021ஆம் ஆண்டில் அறிவித்தனர். பழைய சேமிப்புகளைத் தேடிப் பார்த்தபோது, 1916ஆம் ஆண்டில் எகிப்திலிருந்த ஒரு பிரித்தானியப் படைவீரரின் பேதியிலிருந்து எடுத்துப் பாதுகாக்கப்பட்டிருந்த வளர்ப்பும் இதே இனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. கார்ட்னரும் வெங்கட்ராமனும் 1935ஆம் ஆண்டில் இக்கூட்டத்தின் ஓர் உறுப்பினருக்கு ஆண்ட பெயரை மதித்து, புதிய சிற்றினத்துக்கு விப்ரியோ பாராகாலரே என்றே பெயரிட்டனர். அதற்கு எண்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் திரளாதது என்று ஒதுக்கப்படாமல் குறித்து வைக்கப்பட்ட ஒரு கிருமிக்கு, அவ்வளவு காலம் கழித்துத்தான் முறையான பெயர் கிடைத்தது.

எறிந்துவிடாமல் வைத்திருந்த வளர்ப்பு பின்னாளில் விடை தருவது காலரா ஆய்வில் மட்டும் நிகழ்வது அன்று. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டுக்குப் பிறகு 34 பேரைக் கொன்ற நிமோனியாவுக்கு, நீரில் வாழும் முற்றிலும் புதிய பாக்டீரியா காரணம் என்று அடுத்த ஆண்டில் ஜோசப் மெக்டேட் கண்டறிந்தார். குளிர்சாதனக் கோபுரங்களின் நீர்த்திவலை வழியாகப் பரவும் அதற்கு லெஜியோனெல்லா என்று பெயரிட்டார்கள். புதியது என்று கருதப்பட்ட அந்தக் கிருமி 1947ஆம் ஆண்டிலேயே ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டு, என்னவென்று புரியாத நிலையிலும் உறைநிலையில் காக்கப்பட்டு வந்தது பின்னர் தெரிந்தது.

காலரா தமிழ் மண்ணை விட்டுப் போய்விடவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் காரைக்காலில் காலராவை முன்னிட்டுப் பொதுச் சுகாதார நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. புழலில் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்குகிறது. ஏரியிலிருந்து அங்குச் சென்று குளோரின் சேர்ந்து வெளிவரும் நீரில் விப்ரியோ பிழைத்திருக்க வழியில்லை. ஆபத்து அதற்குப் பின்னர் வருகிறது. குழாயில் நீர் வராத நேரங்களில் உள்ளே அழுத்தம் குறைந்து, விரிசல்கள் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே கசிகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய நெருக்கமான பகுதிகளில் அடிபம்பு, லாரித் தண்ணீர், சேமித்து வைத்த குடம் என்று நீர் பல கைகள் மாறுகிறது. நகரத்தின் காலரா நோயாளிகள் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வந்த தொற்றுநோய் மருத்துவமனை தண்டையார்பேட்டையில் அமைந்திருப்பதும் இப்பகுதியின் வரலாற்றோடு சேர்ந்ததே.

நோயாளி மருத்துவமனைக்கு வந்தபின் கிருமியைத் தேடுவது கட்டாயமாக நடைபெற்றுவிடும். நோய் இல்லாத மாதங்களில் நீரில் அதைத் தேடுவதுதான் விடுபட்டுப் போகிறது. 1941ஆம் ஆண்டில் கிண்டியில் செய்யப்பட்டது அந்தத் தேடல்தான். புழல் ஏரியின் கரை, வடபெரும்பாக்கத்தில் உபரிநீர்க் கால்வாய், மணலிக்குக் கீழே சடையன்குப்பம், எண்ணூர் முகத்துவாரம் என்று ஒரே நீரோட்டத்தின் நான்கு இடங்களில் மாதந்தோறும் மாதிரி எடுப்பதும், மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதும், நீரோடு மிதவையுயிரிகளையும் இறால் ஓடுகளையும் சேர்த்துச் சோதிப்பதும் பெரும் செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. முதற்கட்டத்துக்குத் தேவையான கரைசலைக் கடலுப்பைக் கொண்டே தயாரிக்கலாம் என்று சென்னையே உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. எதிர்ச்சீரத்தில் திரளாத வளர்ப்புகளை, திரளவில்லை என்ற காரணத்தாலேயே, இடமும் நாளும் எழுதிய சிறு குப்பிகளில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் சேமித்து வைத்தால், அடுத்த முறை பொருந்தாத கிருமி ஒன்று நோயாளியின் உடலில் தென்படும்போது, அது எண்ணூர் உப்பங்கழியில் எத்தனை ஆண்டுகளாக இருந்து வந்தது என்று ஒப்பிட்டுச் சொல்வதற்கு ஆய்வாளர்களின் கையில் ஆதாரம் இருக்கும். 1992ஆம் ஆண்டில் அந்த ஆதாரம் இருக்கவில்லை.